பெரியவளுக்குச் சொல்லாத ரகசியச் சொல்

மார்ச் 3
என்னோடு லிஃப்ட் பழுதுபார்க்கும் கூட்டாளிக்கு நேற்று அவர் தம்பியின் குரலிலேயே போன். விபத்து, உடனே பணம் அனுப்பு என்று ஒரே அழுகை. தம்பியோ பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். குரலையே நகல் எடுக்கிறார்களாம். மனுஷர் வெலவெலத்துப் போயிருக்கிறார்.

மார்ச் 4
என் சின்ன மகள் என்னையும் மனைவியையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தாள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றினாள். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்ததற்காக என்னை ஒரு பிடி பிடித்தாள்.
"வேலை பாக்கும்போது லிஃப்ட் சுவிட்சுக்கு மட்டும் ரெண்டு பூட்டு போடுறீங்க. உங்க மெயிலுக்கு ஒண்ணுகூட உருப்படியா இல்லையேப்பா."
கடைசியாக வீட்டுக்கு ஒரு ரகசியச் சொல்: கறுப்புக் குடை. புது எண்ணிலிருந்து யார் குரல் வந்தாலும் கேட்க வேண்டும்.
"அக்கா கூப்பிட்டா?" என்றாள்.
"அவ எங்க கூப்பிடப் போறா."
பெரியவள் படிப்பைப் பாதியில் விட்டு, வீட்டையும் விட்டுப் போய் இரண்டு வருடம். போன் எண்ணையும் மாற்றிவிட்டாள். நான் எழுந்து கை கழுவப் போனேன்.

மார்ச் 9
பேங்கிலிருந்து பேசுகிறேன் என்றவனிடம் ரகசியச் சொல் கேட்டேன். வைத்துவிட்டான். இன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 14
மத்தியானம் வேலையில் இருந்தேன். புது எண். "ப்பா, நான்தான்." பெரியவளின் குரல்.
"ரகசியச் சொல் என்ன?"
"என்னப்பா சொல்றீங்க?"
"தெரியலன்னா வச்சிடு."
வைத்துவிட்டாள்.
வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.
"பணம் கேட்டாளா?"
"இல்ல."
"ஓடிபி?"
"ஒண்ணும் கேக்கல."
"அந்தச் சொல்ல அவளுக்கு யாருங்க சொன்னது?"

மார்ச் 15
திருடன் என்றா நினைத்தேன்? நெஞ்சைத் தொட்டுச் சொல். குரலை நகல் எடுக்கலாம். ஆனால் ஒன்றும் கேட்காமல் சும்மா கூப்பிட எந்தத் திருடனுக்கு நேரம் இருக்கிறது? தெரிந்துதான் — பாதி தெரிந்துதான் கேட்டேன். வீம்பு. பாழாய்ப்போன வீம்பு.

மார்ச் 16
அந்த எண்ணுக்கு நானே கூப்பிட்டேன். நான்காவது தடவை எடுத்தாள். சின்னவள் ஸ்பீக்கரைப் போட்டாள். மனைவி பக்கத்தில்.
"எங்கப்பா என்னைக் கூப்பிட மாட்டார்" என்றாள் பெரியவள். "இப்பல்லாம் குரலையே காப்பி அடிக்கிறாங்களாமே. ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. நான் கிளம்புன அன்னைக்கு எங்கப்பா வாசல்ல நின்னு என்ன சொன்னார்?"
ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை, அவளாகத்தான் போனாள் என்றுதானே இரண்டு வருடமாக இவர்களிடம் சொல்லி வந்தேன். போனை வைத்துவிடலாம். வைத்தால் அதோடு போச்சு.
சொன்னேன். "இனிமே எனக்கு ஒரே பொண்ணுதான்னு சொன்னேம்மா."
மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை.
"சரி, அப்பாதான்" என்றாள் பெரியவள். அழுகிறாள் என்று தெரிந்தது. நானும்தான்.

மார்ச் 19
மனைவி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச வேண்டாம். நியாயம்தான்.

மார்ச் 23
ரகசியச் சொல்லை மாற்றியாகிவிட்டது. பழையதை இந்த நோட்டில் எழுதிவைத்ததற்குச் சின்னவளிடம் திட்டு வாங்கினேன். புதியதைப் பெரியவள் வைத்தாள், இதே மேசையில் உட்கார்ந்து. அதை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் நான்கு பேருக்கும் தெரியும்.