அத்தானுக்குத் திறக்காத கதவு

1998 ஆகஸ்ட் 12, புதன்

பெங்களூரிலிருந்து வந்திருக்கும் அக்கா புருஷன் மத்தியானம் நான் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்புக்கே வந்து, பிள்ளைகளைச் சேர்க்க வந்தவர்களிடம் சொன்னார்: "கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பெங்களூரோட சரி. திருநெல்வேலிக்கு நூறு வருசம் ஆனாலும் வராது." இரண்டு பேர் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் நான் பூட்டும்போது அவரே ஃப்ளாப்பியோடு வந்து நின்றார். அதில் இருப்பது, அச்செடுத்து ஆபீஸுக்கு இன்றே ஃபேக்ஸில் அனுப்ப வேண்டிய அறிக்கையாம்.

"ஏட்டி, அரை மணி நேரம் போதும். இல்லன்னா என் வேல போயிரும்."

"நூறு வருசம் கழிச்சு வாங்க அத்தான்" என்று பூட்டிவிட்டேன்.

அக்கா போனில் அழுதாள். "எனக்காகத் தொறயேன்ட்டி."

திறக்கவில்லை. அவளை நினைத்துச் சாவியைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். அவர் கெஞ்சிய முகத்தை நினைத்தால் இனிக்கிறது. காலையில் முதல் ஆளாகப் போய்த் திறப்பேன். அப்போது அது அவருக்கு உதவாது.