தூக்குச்சட்டி கழுவிய தண்ணீர்

நெய்வேலி
10.3.2016

அன்புள்ள அப்பாவுக்கு,

முத்துச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை என்று அம்மா சொன்னாள்; அதனால்தான் கடிதம். மூட்டுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

சுரங்கம் தோண்டி மூடிய நிலத்தில் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி வேலை. வரிசையாகக் கம்பி ஊன்றி மின்சாரம் செலுத்தினால், மண்ணுக்குள் ஈரமுள்ள இடம் கம்ப்யூட்டரில் நீலமாகத் தெரியும். போன வாரம் ஓரிடத்தில் அடர்நீலம். மழையில்லாத மாசியில்! ஊற்று என்று பேராசிரியரிடம் பெருமையடித்துவிட்டேன்.

மறுநாள்தான் கவனித்தேன். கம்பி ஊன்ற வரும் பொற்கொடி அக்கா, சாப்பிட்ட தூக்குச்சட்டியைக் கழுவி, உப்புக்கஞ்சித் தண்ணீரை அங்கிருந்த முந்திரிக் கன்றுக்கு ஊற்றினார். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும்; அதுதான் எனக்கு அடர்நீலமாகத் தெரிந்திருக்கிறது.

“ஏங்க்கா இங்க ஊத்துறீங்க?”

“தெனம் ஊத்திக்கினுதாங்க இருக்கேன். சொரங்கத்துக்கு நெலத்த எடுக்கறதுக்கு மின்ன அந்த சிம்னிக்கு நேரா இங்கதான் எங்க வூடு இருந்துச்சி. பாத்திரம் கழுவுன தண்ணிய அப்பவும் இங்கதான் ஊத்துவோம்.”

பேராசிரியரிடம் தவற்றை ஒப்புக்கொண்டேன். சிரித்தார். கம்பி வரிசையைத் தள்ளி ஊன்றிவிட்டேன். அக்காவிடம் ஊற்றாதீர்கள் என்று சொல்லவில்லை.

அம்மாவிடம் எள்ளுப்பொடி கேட்டதாகச் சொல்லுங்கள். நம் வீட்டில் பாத்திரம் கழுவும் தண்ணீர் இப்போதும் வாழைக்குத்தானே போகிறது? மறக்காமல் எழுதுங்கள். ஜீப் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
முத்துச்செல்வி