அயர்லாந்து அருங்காட்சியகத்தில் என் மனைவியின் குரல்

அனுப்புநர்
சி. குகதாசன்,
ஓய்வுபெற்ற பண்டசாலைத் தொழிலாளி,
கிளைன்ஹூனிங்கன், பாசல்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
துறைமுகப் பண்டசாலை அருங்காட்சியகத் திட்டக்குழு,
பாசல்.

பொருள்: துறைமுகத்தின் பழைய பண்டசாலையில் அயர்லாந்துக் குடிபெயர்வு அருங்காட்சியகம் அமைக்கும் முன்மொழிவு மீதான ஆட்சேபமும், அதன் முன்னோட்டக் கண்காட்சியில் என் மனைவியின் குரல் ஒலிப்பது குறித்த முறைப்பாடும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி முன்மொழிவு பற்றி அயலில் வசிப்போர் தத்தம் மொழியிலேயே கருத்து எழுதலாம், குழு அதனை மொழிபெயர்த்துக்கொள்ளும் எனத் தாங்கள் அறிவித்திருந்தீர்கள். அதனை நம்பித் தமிழில் எழுதுகிறேன். ஜேர்மன் மொழியில் எனக்கு வேலை செய்யத் தெரியும். கோபப்படத் தெரியாது.

2. அந்தப் பண்டசாலையில் ஓய்வுபெறும் வரை வேலை செய்தவன் நான். ரைன் ஆற்றில் வந்த கப்பல்களிலிருந்து கோப்பி மூட்டைகளை இறக்கி அடுக்கினேன். அது மூடப்பட்டபோது, எங்கள் மக்கள் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றுக்கு அங்கே ஓர் அருங்காட்சியகம் கேட்போம் என்று எமது தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "அண்ணை, எங்கட கதையை ஆர் ரிக்கற் எடுத்துப் பாக்கப் போகினம்?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். அடுத்த ஆண்டே அயர்லாந்துக்காரரின் முன்மொழிவு, வண்ண வரைபடங்களுடன் பத்திரிகையில் வெளிவந்தது.

3. ஐயா, எனக்குப் பொறாமை என்று தாங்கள் கருதினால் மறுக்கமாட்டேன். அவர்களுக்கு ஏற்கனவே எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு நகரத்திலும் ஒரு மதுச்சாலை இருக்கிறது. அவர்களின் திருநாளன்று சுவிஸ்காரரும் பச்சைச் சட்டை போடுகிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்த அயர்லாந்துத் துறவி ஒருவரின் பெயரை இங்கே ஒரு நகரமும் மாநிலமுமே தாங்கி நிற்கின்றன என்று முன்மொழிவு பெருமைப்படுகிறது. அத்தனை காலத்துக்கு முன் வந்தவர் இந்த மண்ணின் மனிதர் ஆகிவிட்டார். என் பிள்ளைகள் இங்கேயே பிறந்தும், எந்த ஊர் என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பட்டினியால் கப்பலேறியவர்களின் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தத் துயரத்தை இவ்வளவு அழகாகச் சொல்ல அவர்களுக்கு வாய்த்திருக்கிறதே என்பதுதான் என் மனத்தாங்கல்.

4. இனி முறைப்பாட்டின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். முன்மொழிவாளர்களில் ஒருவரான திருமதி நோரா அவர்கள் எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் வசிப்பவர், ஓய்வுபெற்ற தாதி. அவருக்கும் என் மனைவி செல்வராணிக்கும் நிலக்கீழ் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரே கிழமைதான் முறை. இயந்திரம் ஓடி முடியும் வரை இருவரும் அங்குள்ள வாங்குப் பலகையில் இருந்து கதைப்பார்கள். செல்வராணி தோய்த்த உடுப்போடு திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டால், "சும்மா, கால்நோவு, காலநிலை" என்பார். நானும் அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

5. முன்னோட்டக் கண்காட்சிக்கு, குறை கண்டுபிடிப்பதற்கென்றே போனேன். கப்பல் அறைகளின் மாதிரிகளையும் பழைய பயணப் பெட்டிகளையும் பார்த்துக்கொண்டு போகையில், கடைசியில் 'அயலவர்' என்றொரு சிறு கூடம் வந்தது. வேறு நாடுகளிலிருந்து வந்து இத்துறைமுகத்தைச் சுற்றி வாழ்வோரிடம் திருமதி நோரா பதிவு செய்த குரல்களைக் காதில் மாட்டிக் கேட்கலாம். ஒன்றை எடுத்து மாட்டினேன். செல்வராணியின் குரல் கேட்டது. என் மனைவி ஜேர்மன் மொழியில் அவ்வளவு நேரம் இடைவிடாமல் பேசக்கூடியவர் என்பதையே அன்றைக்குத்தான் அறிந்தேன்.

6. அவர் பேசியதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன். எங்கள் திருமணம் பெரியோர் பேசி முடித்தது. நான் முன்னரே இங்கு வந்துவிட்டேன். அவர் என் நிழற்படத்தை மட்டும் பார்த்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மொஸ்கோ வழியாகப் புறப்பட்டார். போலந்தின் துறைமுக நகரமொன்றில், பயண முகவர் அவரையும் வேறு சிலரையும் ஒரு வீட்டில் குளிர்காலம் முழுவதும் அடைத்து வைத்திருந்தார். அங்கே கோசலா என்ற பெண் அவருக்குத் துணையானார். ஒரே போர்வைக்குள் இருவரும் படுத்தார்கள். ஒருவரின் தலையை மற்றவர் வாரிவிட்டார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும்.

தெரியாதது இது. அந்த வீட்டில் இருக்கையில், தனக்கு இந்தப் பயணமும் வேண்டாம், இந்தத் திருமணமும் வேண்டாம் என்று செல்வராணி முடிவெடுத்திருக்கிறார். ஊருக்குத் திருப்பி அனுப்பும்படி முகவரிடம் மன்றாடி, அதற்கு ஒழுங்கும் செய்துவிட்டார். அவர் விமான நிலையம் போகவிருந்த அதே நாளில்தான் மற்றவர்களை எல்லைக் காட்டுக்கு அழைத்துச் செல்வதென்று இருந்தது. அதற்கு முந்திய நாள் கோசலா பனியில் வழுக்கிப் படிக்கட்டில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். நடக்க முடியாதவளை விட்டுவிட்டுப் போவோம் என்றார் முகவர். செல்வராணி விமான நிலையம் போகவில்லை. கோசலாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, காடு கடந்து ஜேர்மனிக்குள் வந்தார்.

"என் கணவரைப் பிடிக்கவில்லை என்றில்லை. அவரை எனக்குத் தெரியாது. எனக்குக் கோசலாவைத்தான் தெரியும்" என்று அவர் சொல்கிறார். எனக்குப் பக்கத்தில் அதே பதிவைக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அயர்லாந்து இளைஞர் கண்களைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். வேறென்ன செய்வது?

7. ஐயா, என் நிலையைத் தாங்கள் உணர வேண்டும். "என்னை நம்பிக் காடும் பனியும் கடந்து வந்தவ" என்று இந்நாட்டுத் திரிம்பாக் ஊர்க் கோவில் அன்னதானத்திலும், மகளின் திருமண மண்டபத்திலும் ஒலிவாங்கி பிடித்துச் சொன்னவன் நான். செல்வராணி பக்கத்தில் நின்று புன்னகைத்தார். கோசலா இப்போது இந்நாட்டிலேயே ரெனான் என்ற ஊரில் வசிக்கிறார். ஞாயிறு தோறும் அவரது தொலைபேசி வந்தால் செல்வராணி பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அப்படி என்னதான் இருக்கிறது கதைக்க என்று நான் உள்ளே இருந்து புறுபுறுப்பேன். அந்தப் பெண்மணி இல்லாவிட்டால் எனக்கு மனைவியும் இல்லை, மக்களும் இல்லை என்பதை ஒரு கண்காட்சிக் கருவியிடமிருந்து அறிய நேர்ந்தது.

அயர்லாந்துக்காரர் என் பண்டசாலையை எடுத்தார்கள் என்பதைவிட, என் மனைவி முப்பது வருடம் எனக்குச் சொல்லாததை மேல்மாடிக்காரியிடம் சொன்னார் என்பதே என்னை அதிகம் சுட்டது. கோபத்தில் அன்றே இம்மனுவின் முதல் வடிவத்தை எழுதினேன். பதிவை நீக்க வேண்டும், முன்மொழிவையே நிராகரிக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தேன். அனுப்புமுன் அவரிடம் கேட்டுவிடுவது முறை என்று தோன்றியது.

8. அவர் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு நின்றார். "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, "நீங்கள் கண்டவையெல்லாருக்கும் என்ர கதையைச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள். எவ்வளவு சந்தோசமாச் சொல்லுவியள்! அதை எப்பிடி இடையில புகுந்து பிழை எண்டு சொல்லுறது?" என்றார். "நோராவுக்கு ஒண்டும் தெரியாது. பேந்து என்ன நடந்தது, பேந்து என்ன நடந்தது எண்டு கேட்டவ. நான் சொன்னன்" என்றார்.

நானும் அப்படியே கேட்டுப் பார்த்தேன். "பேந்து என்ன நடந்தது?" என்றேன். செல்வராணி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அன்று புட்டு அவியவில்லை.

9. இந்தப் பத்தியை மொழிபெயர்க்க வேண்டாமென மொழிபெயர்ப்பாளரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நோரா பதிவு செய்த கதை எல்லையுடன் முடிகிறது. அதன் பிறகு பாசல் புகையிரத நிலையத்தில் நான் பூங்கொத்துடன் காத்து நின்றேன். அவ்விருவரும் ஒருவரையொருவர் தாங்கியபடி இறங்கினார்கள். கோசலாவை அவரது அண்ணன் வின்ரர்தூர் நகரிலிருந்து வந்து அழைத்துப் போகும்போது, தானும் அவர்களோடு போய்விடுவதென்றே செல்வராணி நினைத்திருந்தாராம். "நீங்கள் என்னைப் பாக்கேல்லை. அவவின்ர வீங்கின காலைப் பாத்திட்டு, பூவை நிலத்தில போட்டிட்டு கதிரை தேடி ஓடினியள். இந்த மனிசனோட இருந்து பாக்கலாம் எண்டு அப்பதான் நினைச்சன்" என்றார். இது எனக்குச் சொல்லப்பட்டது. இதற்குத் தங்கள் அருங்காட்சியகத்தில் இடம் கேட்கவும் மாட்டேன், கேட்டாலும் தரமாட்டேன்.

10. ஆகவே, முன்னர் கேட்கவிருந்தவற்றைக் கைவிட்டு, கீழ்வருவனவற்றைப் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்.

(அ) அயர்லாந்து அருங்காட்சியகத்துக்கு அனுமதி வழங்குங்கள். மனமுவந்து சொல்கிறேன் என்று எழுதினால் அது பொய். இருந்தாலும் வழங்குங்கள்.

(ஆ) அதே பண்டசாலையின் மேல்தளத்தை எங்கள் மக்களின் வருகை வரலாற்றுக்கு ஒதுக்கித் தாருங்கள். அயர்லாந்து வீட்டில் ஒரு மூலைக் கூடம் எங்களுக்குப் போதாது. திருமதி நோரா இதற்குத் தாமும் கையொப்பம் இடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவரது கையொப்பத்தைக் கேட்டு வாங்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. குழு நேரடியாக வாங்கிக்கொள்ளலாம்.

(இ) அங்கே குரல்களைப் பதிவு செய்யும்போது கணவன்மாரையும் சங்கத் தலைவர்களையும் அறைக்கு வெளியே இருத்துங்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

(ஈ) செல்வராணியின் பதிவு அங்கேயே இருக்கட்டும். ஆனால் அதன் கீழே, 'கணவருடன் சேர்ந்து வாழ வந்தவர்' என்று தங்கள் குழு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. படிக்க எனக்கு இனிக்கிறது, உண்மை அதுவல்ல. 'தோழியைத் தாங்கி வந்தவர்' என்று திருத்தி எழுதுமாறு அவரது கணவனாகிய நான் விண்ணப்பிக்கிறேன்.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
சி. குகதாசன்

இடம்: பாசல்
திகதி: 9 ஏப்ரல் 2025