வெல்டர் ஆதவனின் பயிற்சி பற்றி நான் சொன்னதை நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
கா. காசி,
காசி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் (கேட், கிரில், ஷட்டர்),
கிரிவலப் பாதை, அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை.

பெறுநர்:
விசாரணை அதிகாரி அவர்கள்,
தண்டவாள வெல்டிங் விபத்து விசாரணை,
முகாம்: திருவண்ணாமலை.

பொருள்: வெல்டர் ஆதவன் இறந்தது தொடர்பாக நான் கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முப்பத்தாறு வருடமாக வெல்டிங் தொழிலில் இருப்பவன். கிரிவலப் பாதையில் பாதி கேட் என் கையால் ஆனது. பௌர்ணமிக்கு வருகிற லட்சம் பேரும் அதில் ஒன்றையாவது தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள். படிப்பு, ஒன்பதில் பாதி. என் அக்கா திரௌபதியின் ஒரே மகன் ஆதவன், வயது இருபத்தேழு. போன மாதம் தண்டவாளம் இணைக்கும் வேலையில் தீக்காயம் பட்டு, ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான்.

2. பதினாறாம் நாள் காரியத்தன்று தாங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். பந்தலில் சொந்தக்காரர்கள் நிறைய பேர் இருந்தார்கள். பையனுக்கு யார் வேலை கற்றுக்கொடுத்தது என்று தாங்கள் கேட்டதும் நான் முந்திக்கொண்டு, "எல்லாம் நான்தாங்க. அவனுக்கு எதுக்குங்க ட்ரெய்னிங்கு, என் பட்டறையில நின்னதே ஜாஸ்தி" என்றேன். எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். என் பெயருக்கு முன்னால் 'திரு' இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

3. இப்போது வரைவு அறிக்கையில், இறந்தவர் முறையான பயிற்சி இல்லாதவர், பட்டறையில் பழகியவர், விபத்து அவர் தவறு என்று இருக்கிறதாம். அவனோடு வேலை பார்த்த வேணு படித்துவிட்டு வந்து சொன்னார். அதற்கு ஆதாரம் நான் சொன்னது.

4. உண்மை வேறு. ஆதவன் வடக்கே போய் மூன்று வாரம் படித்துப் பரீட்சையில் தேறியவன். அவன் போட்ட ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் அவன் நம்பர் பெயிண்டில் இருக்கும். நான் ஒரு தண்டவாளமும் இணைத்ததில்லை. கேட்டுக்குப் போடுகிற வெல்டிங் குச்சியால் அது ஆகாது. இரண்டு முனைக்கும் நடுவே ஒரு அங்குலம் விட்டு, சுற்றி அச்சுக் கட்டி, முனைகளைச் சிவக்கக் காய்ச்சி, மேலே குடுவையில் அலுமினியமும் இரும்புத் துருவும் கலந்த பொடியைக் கொளுத்த வேண்டும். இரும்பு குழம்பாக இறங்கி இடைவெளியை நிரப்பும். பொடியில் ஈரம் இருந்தால் வெடித்துச் சிதறும். இதெல்லாம் அவன் சொல்லி எனக்குத் தெரிந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் நான் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே எழுதிய முப்பத்தாறு வருடமும் சரியாகச் சொன்னால் இருபத்திரண்டு.

5. அன்று காலை மழை. பொடிப் பை நனைந்திருந்தது. "பை ஈரமா கீது சார், வேற குடுங்க" என்று ஆதவன் கேட்டிருக்கிறான். ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர், "ரயில் வர்ற நேரம் ஆயிடுச்சி, இதையே போடு" என்றிருக்கிறார். வேணு பக்கத்தில் நின்றவர். சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்.

6. அறிக்கை விஷயம் தெரிந்ததும் அக்கா, "உன் பெருமைக்கு எம்புள்ளதான் கெடச்சானாடா" என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அவன் மனைவி தமிழ்செல்வி அவன் பயிற்சிச் சான்றிதழைக் கொண்டுவந்து என் பட்டறை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதன் நகல் இத்துடன் உள்ளது.

வருகிற வெள்ளிக்கிழமை கோப்பு முடிகிறது என்கிறார்கள். அதற்குள் வேணுவை விசாரித்து, என் வாக்குமூலத்தை அடித்துவிட்டு, ஆதவன் பயிற்சி பெற்ற வெல்டர் என்று எழுதும்படி தங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். பொய் சொன்னதற்கு என் மேல் வழக்குப் போட்டால் வந்து நிற்கிறேன். அவனுக்கு நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 12.11.2024

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) கா. காசி
ஆதவனின் தாய்மாமன்