கார்புரேட்டரில் ஐஸ்

11.12.2006, திங்கள்

ஆரணிக்கு வந்து மூன்று நாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "ஏரோப்ளேன் எப்படிம்மா வுழுந்துச்சு?" இஞ்சின் நின்றுபோச்சு என்கிறேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

12.12

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

பைலட் பயிற்சியில் நான் தனியாகப் பறந்தது அது எட்டாவது தடவை. மழை விட்ட காலை, காற்றெல்லாம் ஈரம். இறங்குவதற்காக இஞ்சின் வேகத்தைக் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில், நான் எதையும் தொடாமலே, இஞ்சின் சுற்றைக் காட்டும் முள் தானாக இறங்கியது. இஞ்சின் லேசாக உதறியது. பாடத்தில் படித்ததுதான்: கார்புரேட்டரில் ஐஸ். ஊசி போடும் முன் ஸ்பிரிட் தடவினால் கை ஜில்லென்கிறதே, அதே மாதிரி பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் தொண்டை குளிர்ந்துபோகும். காற்றிலுள்ள ஈரம் அங்கேயே உறைந்து வழியை அடைக்கும். நமக்கு வெளியே வேர்த்துக் கொட்டினாலும் உள்ளே ஐஸ் பிடிக்கும். அதற்கென்று ஒரு குமிழ் உண்டு. இழுத்தால் சூடான காற்று போய் உருக்கிவிடும்.

இழுத்தேன். இஞ்சின் இன்னும் மோசமாக இருமியது. உருகின தண்ணீர் உள்ளே போகும்போது அப்படித்தான் இருமும், பொறுத்துக்கொள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! நான் பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிட்டேன். நானேதான். என் கையால்.

கொஞ்ச நேரத்தில் இஞ்சின் சத்தமே இல்லை. ஏரிச் சேற்றில் போய் விழுந்தேன்.

13.12

ஐஸ் உருகி ஓடிவிட்டது. நான் சொன்னால்தான் உண்டு.

16.12

பயிற்சி தரும் ஃப்ளையிங் கிளப்பிலிருந்து போன். மெக்கானிக் வேணுகோபாலை வேலையை விட்டு எடுத்துவிட்டார்களாம். பெட்ரோல் டேங்கில் தண்ணீர் இருந்ததாம், அவர் சோதிக்கவில்லையாம். ஐயோ! விழுந்ததில் மூடி கழன்ற டேங்க் அன்று ராத்திரி முழுக்க மழையில் கிடந்ததே, தண்ணீர் இருக்காதா?

அன்று காலை நான் ஏறும் முன் அவர் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து என்னிடமே காட்டினார். "பாரும்மா, தண்ணி இருந்தா அடியில தங்கும். சுத்தமா கீது." தேவிகாபுரத்துக்காரர். கிளப்பில் எல்லாரிடமும் என்னை "எங்க ஆரணிப் பொண்ணு" என்பார்.

ஆஸ்பத்திரியில் விசாரணைக்கு வந்தவர் குமிழை இழுத்தாயா என்று கேட்டார். இழுத்தேன் சார் என்றேன். திரும்பத் தள்ளினாயா என்று அவர் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. சண்டாளி.

17.12

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, "அந்தாளுக்கு வேற வேலை கெடைக்கும். உனுக்கு லைசென்ஸ் போனா போனதுதான். கம்னு இரு" என்றார்.

அப்பா கெட்டவர் இல்லை. பட்டு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் பொண்ணு பைலட் ஆகப்போவுது என்று சொல்லி வைத்திருக்கிறார்.

20.12

சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த முள் இறங்குகிறது. எதுக்கு நான் பறக்கணும்? இன்னொருத்தர் வயித்துல அடிச்சிட்டு எந்த மூஞ்சிய வெச்சிகினு மேல போறது? செத்திருந்தா கூட நல்லாயிருந்திருக்குமோ — சே, என்ன எழுதுகிறேன்.

22.12

எல்லாவற்றையும் எழுதிக் கிளப்புக்கு ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

23.12

சொன்னேன். என் முகத்தையே பார்க்கவில்லை.

9.2.2007

கிளப்பிலிருந்து பதில். என் பயிற்சி ஒரு வருடத்துக்கு நிறுத்தம். வேணுகோபால் மேல் தவறு இல்லை. அவர் இடத்தில் வேறு ஆள் ஏற்கெனவே வந்தாயிற்று, அதனால் திரும்ப எடுக்க முடியாது.

பஸ் பிடித்துத் தேவிகாபுரம் போனேன். வாசலில் யாருடைய பம்ப்செட்டையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் "கை எப்படிம்மா கீது?" என்றுதான் முதலில் கேட்டார். குமிழைத் திரும்பத் தள்ளியதை அழுதுகொண்டே சொன்னேன். அவர் கையெல்லாம் க்ரீஸ். கடிதத்தை என்னையே படிக்கச் சொன்னார். படித்துத் தமிழில் சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

பிறகு உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "ஜெயம், இங்க வா. இன்னொரு தபா படிம்மா. இவ கேக்கட்டும்."

படித்தேன். வேணுகோபால் மேல் தவறு இல்லை என்ற வரியை அந்தம்மா மறுபடி படிக்கச் சொன்னார். அதையும் படித்தேன். கடைசிவரை அந்தம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை.