தேய்த்த தட்டு

நாள் 212 — காலை 08:10

செவ்வாய், மூன்றாம் நிலையம். எழுதுவது செண்பகவல்லி, உலோகப் பொறியாளர், சொந்த ஊர் கோவில்பட்டி. உடன் இருப்பவர்கள் இருவர்: வண்டியும் இயந்திரங்களும் பார்க்கும் இருதயராஜ் அண்ணாச்சி, டாக்டர் பர்வீன்.

கிடங்கில் ஓட்டை விழுந்து பாதி உணவு போய்விட்டது. அடுத்த கப்பல் வர நூற்று நாற்பது நாள். அதுவரை தொட்டியில் வளரும் பாசியை மாவாக்கி, பிஸ்கட் சுட்டுத்தான் மூவரும் சாப்பிட வேண்டும். பச்சைப் பாசியில் நஞ்சு உண்டு. முதலில் உதடு மரக்கும், பிறகு விரல், கடைசியில் மூச்சு. பிஸ்கட்டின் நடுப்பகுதிவரை நன்றாக வெந்தால் நஞ்சு முறிந்துவிடும். கருகினால் வாயில் வைக்க முடியாது.

அடுப்போடு வந்த தட்டு கோணிவிட்டது. ஆகவே, இத்தனை படித்துவிட்டு நான் பிஸ்கட் தட்டுக்கு உலோகம் தேடிக்கொண்டிருக்கிறேன். இதைக் கண்டெடுப்பவர் சிரிக்க வேண்டாம்.

நாள் 212 — மாலை 16:30

எவர்சில்வர்: சூடு பரவவில்லை. நடுவில் கரி, ஓரத்தில் பச்சை மாவு.

ஒட்டாத பூச்சுத் தட்டு: சூடு ஏறியதும் பூச்சு புகைந்தது, அபாய மணி அடித்தது. மூடிய அறையில் அந்தப் புகையைச் சுவாசித்துச் சாக நான் தயாரில்லை. வெளியே வீசியாகிவிட்டது.

இரும்பு: சூட்டை விடவே மாட்டேன் என்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் அடி தீய்கிறது.

அலுமினியம், வண்டியின் உபரித் தகட்டில் அண்ணாச்சி வெட்டிக் கொடுத்தது, நான்கு மில்லிமீட்டர் தடிமன்: வளையவில்லை, சூடு சமமாகப் பரவுகிறது. முதல் ஆறு ஈடும் வேகவில்லை. ஏழாவது ஈடு, பதினொரு நிமிடம். நஞ்சு இருந்தால் சிவக்கும் தாளை வைத்துப் பார்த்தேன், வெள்ளை! எட்டாவதும் வெள்ளை. தாள் இன்னும் ஒன்றுதான் மிச்சம், பத்திரப்படுத்துகிறேன்.

முடிவு: அலுமினியம், பதினொரு நிமிடம். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

நாள் 214 — காலை 06:30

அண்ணாச்சியும் பர்வீனும் தண்ணீர் எடுக்கும் பனிக்கிணற்றின் பம்பைப் பழுதுபார்க்கக் கிளம்புகிறார்கள். போகவே ஒன்பது மணிநேரம். வழிக்கு அறுபது பிஸ்கட் சுட்டுக் கட்டிக் கொடுத்தேன். தட்டு எண்ணெய்க் கறை ஏறிக் கன்னங்கரேலென்று இருந்தது. பயணம் கிளம்புகிறவர்களுக்கு அழுக்குத் தட்டில் சுட்டுக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. மணல்தூள் போட்டு, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துவிட்டுத்தான் மாவை வைத்தேன்.

நாள் 214 — காலை 11:05

வண்டியிலிருந்து, அண்ணாச்சி: "தாயி, இன்னைக்குத்தான் பிஸ்கட்டு பிஸ்கட்டு மாதிரி இருக்கு. கருகல் வாடையே இல்ல. மெத்துனு இருக்கு."

எனக்கு ஒரே பெருமை. கட்டும்போது உடைந்து ஒதுக்கி வைத்த ஒன்றைத் தேநீரில் நனைத்துத் தின்றேன்.

நாள் 214 — மதியம் 12:50

கீழுதடு மரத்திருக்கிறது. குளிராக இருக்கலாம்.

நாள் 214 — மதியம் 13:05

குளிர் இல்லை. உதிர்ந்த துகளில் கடைசித் தாளை வைத்தேன். சிவப்பு.

நாள் 214 — மதியம் 13:20

தட்டுதான். நான் தேய்த்ததுதான்.

காற்றை மிச்சம் பிடிக்க அடுப்புக்குள் காற்றைக் குறைத்து வைத்திருக்கிறோம். அதனால் அடுப்புக் கம்பியின் சூடு வெளிச்சம்போல நேராகப் பாய்ந்து தட்டில் விழ வேண்டும். கறுப்புத் தட்டு அதை வாங்கிக்கொள்ளும், பளபளத்த தட்டு திருப்பி அனுப்பிவிடும். ஆறு ஈடு வேகாமல், கறை ஏறிய பிறகு ஏழாவது வெந்தது அதனால்தான். நான் உலோகத்தைத் தேர்ந்தெடுத்தேன், அதன் மேல் படிந்த கறுப்பைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. பள்ளிக்கூடப் பாடம் இது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

செயற்கைக்கோள் மேலே வந்து வானொலித் தொடர்பு கிடைக்க இன்னும் ஐம்பது நிமிடம்.

நாள் 214 — மதியம் 14:10

"தின்னாதீங்க அண்ணாச்சி, வேகல, எல்லாத்தையும் கீழ போடுங்க" என்று கத்தினேன்.

அண்ணாச்சி: "நான் மூணு தின்னேன். பர்வீன் ரெண்டு. அவ ஒடிசலான உடம்புலா, டம்ளரு கையில நிக்க மாட்டேங்கு. வண்டியத் திருப்பியாச்சு. நீ அழுதுகிட்டு இருக்காத, மூச்சு மெஷின எடுத்து வை."

நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. ஒரு நாள் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டால் அது தானாக இறங்கிவிடும். மெஷின் ஒன்றுதான் இருக்கிறது.

நாள் 214 — மாலை 17:40

அண்ணாச்சி: "ஸ்டியரிங்கக் கை புடிச்சிருக்கான்னு பாத்துப் பாத்து ஓட்டுதேன். மெஷினு பர்வீனுக்கு. பேச்சுக்கே எடமில்ல."

நான்: "ஒங்களுக்குக் கையால அமுக்கி மூச்சு குடுக்குற பை இருக்கு அண்ணாச்சி. நான் அமுக்குவேன்."

அண்ணாச்சி: "ஒன் கையும் மரத்திருக்குமே, தாயி."

மரத்துத்தான் இருக்கிறது. அவரிடம் இல்லை என்றேன்.

நாள் 214 — இரவு 21:10

வந்துவிட்டார்கள். வாசலில் வண்டியை நிறுத்தியதும் அண்ணாச்சி சரிந்தார். இருவரையும் தள்ளுவண்டியில் போட்டு இழுத்தேன். பர்வீனுக்கு மெஷின் வைத்தாயிற்று. அண்ணாச்சியின் வாயில் குழாய், என் கையில் பை. இனி எழுத முடியாது, வாயால் சொல்வதைக் கருவி எழுதிக்கொள்ளும்.

அமுக்கு. விடு. அமுக்கு. விடு.

நாள் 215 — காலை 07:30

விரல்களில் உணர்வே இல்லை. கை அமுக்குகிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. முழங்கையாலும் அமுக்குகிறேன். அண்ணாச்சியின் கழுத்தில் நாடி பார்த்தேன். என் விரலுக்கு எதுவும் தெரியவில்லை. விரல் அப்படி இருக்கிறது, அவ்வளவுதான். நெஞ்சு ஏறி இறங்குகிறது. அது போதும்.

அண்ணாச்சி, மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்கிறதா?

நாள் 215 — மதியம் 13:15

பர்வீன் கண் விழித்தாள். விரலை அசைக்கிறாள். பிழைத்துக்கொண்டாள்!

வாயில் குழாய், பேச முடியாது. பக்கத்துக் கட்டிலிலிருந்து மெல்லக் கையை நீட்டி அண்ணாச்சியின் கழுத்தைத் தொட்டாள். நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு அந்தக் கையை என் கைமேல் வைத்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

ஆனால் நெஞ்சு ஏறுகிறது. நான் அமுக்கினால் ஏறுகிறது.

அமுக்கு. விடு. அமுக்கு.