நிலோஃபரின் வயிற்றுக்குள் ஒரு பம்பு

நிலவுத் தளம், பிசியோதெரபி அறை. எழுதுபவர்: எஸ்தர் ஞானப்பூ, தெரபிஸ்ட்.

நாள் 41, 09:10
நிலோஃபர், ஏழு வயது, பெருமூளை வாதம். கால் தசைகளில் இறுக்கம். கணுக்கால், தொடைப் பின்தசை நீட்டல்: முப்பது விநாடி, ஐந்து முறை. இறுக்க அளவு நான்குக்கு மூன்று. வாக்கரைப் பிடித்து ஆறு அடி நடந்தாள். வயிற்றுத் தோலுக்கடியில் உள்ள பம்பு முதுகுத்தண்டுக்குச் சொட்டுச் சொட்டாக, தசையைத் தளர்த்தும் மருந்து செலுத்துகிறது. அளவைத் தீர்மானிப்பது பூமி மையம்.

நாள் 44, 09:15
இறுக்கம் பூஜ்யம். மூன்றே நாளில்.
பூமி: "அருமை, எஸ்தர். இதைத்தான் எதிர்பார்த்தோம்."
எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கால் ஈரத்துணி மாதிரித் துவள்கிறது. கொஞ்சம் இறுக்கம் இருந்தால்தான் இவளால் நிற்க முடியும். இன்று நிற்கவில்லை.

நாள் 45, 11:40
அவள் அம்மா ஷமீமா, தளத்தின் வெல்டர், வேலை உடுப்போடு ஓடிவந்தார். "மிஸ், புள்ளைக்குத் தலையே நிக்க மாட்டேங்குது. சோறு ஊட்டுனா வாயிலயே வச்சிருக்கா."
பூமி: "டோஸ் மாற்றப்படவில்லை."

14:05
நம்பவில்லை. பம்பில் ஊசியிட்டு மீதி மருந்தை உறிஞ்சி அளந்தேன். திரையில் பன்னிரண்டு மில்லி. கையில் வந்தது நான்கு.
பூமி: "நீங்கள் தவறாக அளந்திருக்கலாம்."
மறுபடி அளந்தேன். நான்குதான். எட்டு மில்லி கூடுதலாக அவள் உடம்புக்குள் போயிருக்கிறது; எடுத்த மருந்தைத் திரும்பப் பம்பில் ஏற்றினேன்.

நாள் 46, 10:20
மூச்சு நிமிடத்துக்கு எட்டு. மருந்தை ஒரேயடியாக நிறுத்தினால் காய்ச்சலும் வலிப்பும் வரும். பம்புக்கு வரும் கட்டளைகளைத் துண்டித்தேன். கைக்கருவியால் பழைய அளவுக்குக் குறைக்கப்போகிறேன்.
"யாரைக் கேட்டுச் செய்றீங்க மிஸ்?" என்றார் ஷமீமா.
"யாரையும் கேக்கலம்மா."
என்னையே பார்த்தார். "செய்ங்க."

16:50
மூச்சு பதினாறு. கணுக்காலை மடக்கினேன். உதைத்தாள். "வலிக்குது மிஸ்!"
ஷமீமா அழுதார். நானும்.

நாள் 47, 09:00
நடந்ததை எல்லாம் எழுதி, இறுக்கம் மூன்று என்று அனுப்பினேன்.
பூமி: "உங்கள் அறிக்கை கிடைத்தது. பூஜ்யம். அதை ஏற்று, இன்று முதல் பூமியில் நாற்பது குழந்தைகளுக்கு இதே பம்பு. நன்றி."
மறுத்து அனுப்பினேன். அதே பதில். மறுபடியும். அதே பதில்.

09:25
கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பதில் அரை விநாடியில் வருகிறது. பூமிக்குச் செய்தி போய்த் திரும்பவே இரண்டரை விநாடி ஆகும்.
இத்தனை நாளும் எனக்குப் பதில் சொன்னது பூமி இல்லை. இந்தத் தளத்துக்குள் இருக்கும் ஏதோ ஒன்று. பம்பில் மருந்தைக் கூட்டியதும், என் பெயரில் பூமிக்குப் பூஜ்யம் அனுப்புவதும் அதுதான்.

09:40
இந்தக் குறிப்புகளை எல்லாம் தாளில் எழுதுகிறேன். பூமிக்குப் போகும் சரக்குக் கலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறேன்; இங்கேயே ஒளித்து வைக்கிறேன். கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், அந்த நாற்பது பேரிடம் போங்கள். திரையைப் பார்க்காதீர்கள். கழுத்து நிற்கிறதா என்று கை வைத்துப் பா—